கருத்தடை செய்த பெட்டை நாய்: முதல் நாள் பயத்தைவிட மூன்றாம் நாள் தைரியம்தான் ஆபத்து

காலையில் வெறும் வயிற்றோடு கிளினிக்குக்குப் போன நாய், மாலையில் கால் பின்னி, கண் சொருகி, நாக்கு ஓரமாகத் தொங்க வீடு திரும்பும். "நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு இதைக் கொண்டுபோய் அறுத்துக்கிட்டு வந்தீங்க?" என்று வீட்டில் பாட்டி யாராவது கேட்பார். மூன்றாம் நாள் அதே நாய் வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். "எல்லாம் ஆறிப்போச்சு" என்று அதே வீட்டில் சங்கிலியைக் கழற்றியும் விடுவார்கள். கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பின் நாய்களுக்கு வரும் சிக்கல்களில் பல அங்கேதான் தொடங்குகின்றன.

நாய் துள்ளுவதால் காயம் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. வலி குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெட்டை நாய்க்குச் செய்யப்படும் கருத்தடை சின்ன விஷயமல்ல. முழு மயக்கம் கொடுத்து, பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழே வயிற்றின் நடுக்கோட்டில் வெட்டி, இரண்டு சினைப்பைகளையும் கருப்பையையும் எடுப்பார்கள். சில டாக்டர்கள் சினைப்பைகளை மட்டும் எடுப்பதுண்டு. சிலர் விலாப்பக்கமாக வெட்டுவதும் உண்டு. எப்படிச் செய்தாலும், பெரிய ரத்தக் குழாய்களை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு, வயிற்றுச் சுவரையும் தோலையும் தனித்தனி அடுக்காகத் தைப்பார்கள். வெளியே தெரிவது விரல் நீளக் கோடு. உள்ளே நடந்திருப்பது ஒரு பெரிய ஆபரேஷன். கடுவன் நாய்க்குக் காயடிப்பது வயிற்றைத் திறக்காமல் முடிகிற வேலை. இரண்டையும் ஒன்றாக நினைத்து, "பக்கத்து வீட்டுக் கடுவன் மறுநாளே ஓடுச்சே" என்று ஒப்பிடக் கூடாது.

மேல் தோல் சில நாட்களிலேயே ஒட்டிக்கொள்ளும். அடியில் இருக்கும் வயிற்றுச் சுவர் பலம் பெறத்தான் வாரக்கணக்கில் ஆகும். நாய் நான்கு காலில் நிற்கும் பிராணி. குடலின் பாரம் முழுவதும் அந்தத் தையலின் மேல்தான் இறங்குகிறது. ஒரு தாவல், ஒரு துரத்தல் போதும், உள் தையல் விட்டுக் குடல் தோலுக்கடியில் பிதுங்கி நிற்க. 10 முதல் 14 நாட்கள் வரை ஓட விடாதீர்கள், குதிக்க விடாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். சிசேரியன் ஆன மருமகளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாத மாமியார்கள், நாய் விஷயத்தில் மட்டும் இதை மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் உண்டு. பெட்டை நாய் ஆண்டுக்குச் சுமார் இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினைபிடித்தால் ஏறக்குறைய 63 நாட்களில் குட்டிகள். அந்தக் குட்டிகளில் எத்தனை பசார் ஓரத்திலும் செம்பனைக் காட்டு முனையிலும் அட்டைப் பெட்டியோடு விடப்படுகின்றன என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். மேலும், கருத்தடை செய்யாத நாய்களுக்கு வயதான பின் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரலாம். பருவம் முடிந்து சில வாரங்களில் நாய் தண்ணீரை மேலும் மேலும் குடிக்கும், சோர்ந்து படுக்கும், சில சமயம் பின்பக்கம் சீழ் வடியும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். அப்போது அவசரமாகச் செய்யும் ஆபரேஷனுக்கு ஆபத்தும் அதிகம், செலவும் அதிகம். இளம் வயதிலேயே கருத்தடை செய்த நாய்களுக்கு மார்புக் கட்டிகள் வரும் வாய்ப்பும் குறைகிறது.

நாள் பார்த்துச் செய்யுங்கள்

இங்கே சொல்லும் நாள் பஞ்சாங்கத்து நாளல்ல. தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முந்தைய வாரத்தில் நாய்க்கு ஆபரேஷன் வைத்துக்கொண்டால், பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும் நாயை யாராலும் பிடித்து உட்கார வைக்க முடியாது. தைப்பூசத்துக்குக் குடும்பமே பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ கிளம்பும் வாரமும் வேண்டாம். கிழக்குக் கரை மாநிலங்களில் ஆண்டு இறுதி மழைக்காலத்தில், வாசல் முழுக்கச் சேறாக இருக்கும்போது, வீட்டுக்குள் இடம் இல்லாதவர்கள் தள்ளிப்போடுவதே மேல்.

நாய் பருவத்தில் இருக்கும்போது கருப்பைக்கு ரத்த ஓட்டம் கூடுதலாக இருக்கும். அதனால் பல டாக்டர்கள் பருவம் முடிந்து சில வாரங்கள் கழித்து வரச் சொல்வார்கள். உண்ணிக் காய்ச்சலும் பார்க்க வேண்டிய ஒன்று. நம் நாட்டு வெயிலுக்கும் புல்லுக்கும் உண்ணிக்குப் பஞ்சமில்லை. உண்ணி மூலம் வரும் சில நோய்களில் ரத்தம் உறைய உதவும் அணுக்கள் குறைந்துவிடும். அந்த நிலையில் வெட்டினால் ரத்தம் நிற்காது. நாய்க்கு அடிக்கடி உண்ணி பிடிக்கிறது, அண்மையில் சோர்ந்து கிடந்தது என்றால் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குச் சில வெள்ளி கூடுதலாகக் கேட்டால், அது வீண் செலவல்ல.

கிளினிக்கில் விளக்கம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் கிடைக்கும். நாயை வாங்கப் போகும்போது வீட்டில் அந்த மொழி நன்றாகத் தெரிந்த பிள்ளையை அழைத்துக்கொண்டு போவது நல்லது. கேட்க வேண்டியவை சிலதான். தையல் தானாகக் கரையுமா, பிரிக்க வர வேண்டுமா? எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு, எத்தனை நாளைக்குக் கொடுப்பது? இரவில் ஏதாவது ஆனால் எந்த எண்ணுக்கு அழைப்பது? கடைசிக் கேள்விதான் முக்கியம். பல கிளினிக்குகள் இரவில் திறந்திருக்காது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு முக்கால் மணி நேரம் ஓட்டிப்போய், பூட்டிய கதவின் முன் நிற்பதைவிடக் கொடுமை இல்லை.

முதல் ராத்திரி

திரும்பும் பயணத்தில் மோட்டாரின் முன்னால் உட்கார வைத்துக் கொண்டுவரக் கூடாது. மயக்கம் முழுதாகத் தெளியாத நாய் சரிந்து விழும். பக்கத்து வீட்டு வேனையாவது கேட்டுவிட்டுப் போக வேண்டும். பழைய துணி விரித்துப் படுக்க வைத்து, வயிறு மடங்காமல் மார்பையும் பின்பக்கத்தையும் சேர்த்து இரு கைகளாலும் தூக்குவதே முறை.

வீட்டில் நாற்காலி, கட்டில், படிக்கட்டு எதன் மேலும் வைக்காமல், காற்றுப் படாத மூலையில் தரையில் துணி விரித்து விட வேண்டும். மயக்க மருந்துக்குப் பின் உடல் சூடு குறையும். வெறும் சிமெண்டுத் தரையிலோ, காற்றாடிக்கு நேர் கீழேயோ, ஏர்கோன் அறையிலோ படுக்க விட்டால் நடுங்கும். ஒரு பழைய கைலியைப் போர்த்தினால் போதும். சுடுநீர்ப் புட்டியை நேராக உடம்பில் வைத்தால் மயக்கத்தில் நாய் நகராது, தோல் வெந்துவிடும்.

தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. நன்றாக விழித்து, தலையை நிமிர்த்திப் பிடிக்கிறது என்றால் வழக்கமான சாப்பாட்டில் பாதியோ அதற்கும் குறைவாகவோ கொடுக்கலாம். பாவம், காலையிலிருந்து பட்டினி என்று ஒரு தட்டு நிறைய வைத்தால் வாந்தி எடுக்கும். அன்று சாப்பிடவே இல்லை என்றாலும் கவலை வேண்டாம். இரவு முழுக்க முனகுவது, பைத்தியம் பிடித்ததுபோல் வெறித்துப் பார்ப்பது, படுத்த இடத்திலேயே சிறுநீர் போவது எல்லாம் மருந்தின் வேலை. தொண்டையில் குழாய் விட்டதால் ஓரிரு நாள் லேசாக இருமலாம். சின்னப் பிள்ளைகளை அன்று அருகில் விடாமல் இருப்பது நல்லது. எவ்வளவு சாதுவான நாயும் மயக்கத்தில் கடிக்கும். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதையும் பிரித்து வைக்க வேண்டும். கிளினிக் வாடையோடு வரும் நாயை மற்றது முகர்ந்து பார்த்துச் சண்டைக்குப் போவதுண்டு.

முதல் 24 மணி நேரத்தில் பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: உள்ளே ரத்தம் கசிவது. கட்டிய நூல் நழுவினால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் வயிற்றுக்குள் ரத்தம் சேரும். இதைக் கண்டுபிடிக்க டாக்டர் ஆக வேண்டாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால் தெரியும். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு வெள்ளைத் துணிபோல் வெளுத்து, வயிறு உப்பி, மூச்சு வேகமாக வாங்கி, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய்களுக்குக் கண்ணின் கீழ் இமையை இறக்கி உள்பக்கத்தைப் பார்க்கலாம்.

கழுத்துக் கூம்பும் காலி வீடும்

நாய் தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றிக்கொள்ளும் என்பது ஊரில் வேரூன்றிய நம்பிக்கை. தைத்த காயத்தில் அது நேர் எதிராக வேலை செய்கிறது. நாயின் வாயில் இருக்கும் கிருமி காயத்துக்குப் போகும். முன் பல்லால் நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்கவும் அதற்குத் தெரியும். பத்து நிமிடம் யாரும் பார்க்காமல் இருந்தால் போதும்.

அதனால்தான் கழுத்தில் மாட்டும் அந்தப் பிளாஸ்டிக் கூம்பு. பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். முதல் நாள் கதவிலும் சுவரிலும் இடித்துக்கொள்ளும், தட்டில் வாய் எட்டாது என்று விழிக்கும். இரண்டாம் நாள் பழகிவிடும். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நிற்க வேண்டும். குட்டையாக இருந்தால் நாய் உடம்பை வளைத்து நக்கிவிடும். கழுத்துப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சாப்பிடும்போது மட்டும், ஆள் பக்கத்தில் இருந்தால், கழற்றலாம். கூம்பு வாங்க முடியாதவர்கள் பிள்ளைகளின் பழைய பனியனை மாட்டி, முன்கால்களைக் கைப்பகுதியில் நுழைத்து, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டு வயிற்றை மூடலாம். ஆனால் அது தினமும் மாற்றும் சுத்தமான துணியாக இருக்க வேண்டும். சில நாய்கள் அதைக் கடித்துக் கிழித்துவிடும். அந்த நாய்களுக்குக் கூம்பைத் தவிர வேறு வழியில்லை.

தோட்டத்தில் பெரிய சிக்கல் இடம்தான். விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்பிவிடும் குடும்பத்தில் மதியம் வரை வீட்டில் ஆள் இருக்காது. பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்விடுவார்கள். நாய் வழக்கம்போல லயத்துப் பின்கட்டில் சங்கிலியில் இருக்கும். குரங்குக் கூட்டமோ உடும்போ கண்ணில் பட்டதும் பாயும். சங்கிலி இழுபட்டு உடம்பு திருகும்போது தையலுக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கூம்பு மாட்டிய நாயை நீளச் சங்கிலியில் கட்டுவதில், சங்கிலி சுற்றிக் கழுத்து இறுகும் ஆபத்தும் இருக்கிறது.

இதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. குளியலறைக்கு முன் உள்ள இடத்தையோ, அடுப்படி மூலையையோ பழைய மேசைப் பலகையால் மறித்து, நாய் எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடம் விடலாம். தண்ணீர்க் கிண்ணம் கவிழாமல் கனமானதாக இருக்கட்டும். முதல் மூன்று நாட்களாவது யாராவது ஒருவர் விடுப்பு எடுக்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் வேலைக்குப் போகாத பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி, பத்து மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லலாம். டவுனில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தொல்லை வேறு விதம்: லிஃப்ட் இல்லாத பிளாட்டில் நாயைத் தூக்கிக்கொண்டுதான் படி இறங்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டுக்குப் போகக் கயிற்றில் பிடித்து ஐந்து பத்து நிமிடம் வெளியே கொண்டு போய்விட்டு உள்ளே கொண்டு வந்துவிட வேண்டும். உலாவல் எல்லாம் அப்புறம். மலம் இரண்டு மூன்று நாள் வராமலிருக்கலாம், பட்டினியும் மருந்தும் காரணம். சிறுநீர் ஒரு நாள் முழுக்க வரவில்லை என்றால்தான் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஈக்குத் தெரிந்த காயம்

காயத்தைக் காலையும் மாலையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நாயை மல்லாக்கப் போட்டு அழுத்த வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வைத்துத் தடவிக் கொடுத்தபடி பார்த்தாலே தெரியும். முதல் நாள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், நேற்றைவிட இன்று வீங்கியிருக்கிறதா என்ற சந்தேகம் தீரும். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் அது உதவும்.

ஓரங்கள் ஒட்டி, லேசாகச் சிவந்து, கொஞ்சம் தடித்திருந்தால் அது ஆறும் காயம். முதல் நாள் ஓரிரு சொட்டு ரத்தமும் வரலாம். சில நாள் கழித்துத் தையலடியில் மெத்தென்று நீர் கோத்தது போல் வீங்கினால், நாய் அதிகம் ஆடிவிட்டது என்று பொருள். அதைக் குத்தி வெளியேற்றாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஓரம் பிரிந்து வாய் திறப்பது, மஞ்சளாகவோ பச்சையாகவோ வடிவது, வாடை அடிப்பது, தொட்டால் கொதிப்பது, உள்ளிருந்து எதுவோ பிதுங்குவது, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே போக வேண்டும். குடல் வெளியே தெரிந்தால், சுத்தமான துணியை நல்ல தண்ணீரில் நனைத்து மூடி, உள்ளே தள்ள முயலாமல், அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

குளிர் நாட்டுப் புத்தகங்களில் அதிகம் காணாத ஒரு தொல்லை இங்கே உண்டு. "புழு வச்சிருச்சு" என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். மலேசியா போன்ற வெப்ப நாடுகளில் உயிருள்ள சதையையே தின்னும் புழுவை உண்டாக்கும் ஒருவகை ஈ இருக்கிறது. மாட்டின் கொம்படியிலும் கன்றின் தொப்புளிலும் புழு வைப்பது பெரும்பாலும் இதுதான். காய ஓரத்தில் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் பொரித்து, புழுக்கள் தலைகீழாகச் சதைக்குள் துளைத்துக்கொண்டு போகும். மேலே சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ளே பெரிய பொந்தாகியிருக்கும். மாட்டுக் கொட்டகைக்கும் குப்பைத் தொட்டிக்கும் பக்கத்தில் உள்ள வீடுகளில், கருத்தடை செய்த நாயை அந்த இரண்டு வாரமும் பகலில் வீட்டுக்குள்ளேயோ கொசுவலைக்குள்ளேயோ வைத்திருப்பது அவசியம். நக்கி ஈரமான காயத்தைத்தான் ஈ முதலில் தேடி வரும். கூம்பு மாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புழுவைக் கண்டால் மண்ணெண்ணெய், பெனாயில், பொடித்த பாச்சை உருண்டை என்று ஊற்றிக் கொட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. இவை மூன்றுமே நாய்க்கு விஷம். வயிற்றுக் காயத்தில் பட்டால் புழுவோடு நாயும் போகும். நல்ல காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசுவது, தேங்காய் எண்ணெய் தடவுவது, டெட்டால் ஊற்றிக் கழுவுவது எதுவும் வேண்டாம். மஞ்சள் காய்ந்து அழுக்கைப் பிடித்து வைக்கும், அடியில் சீழ் கட்டினாலும் நிறம் தெரியாது. எண்ணெய் வாசம் நாயை நக்க அழைக்கும். டெட்டால் புதிதாக வளரும் தோலை எரிக்கும். டாக்டர் மருந்து கொடுத்தால் அதைப் போடலாம், கொடுக்கவில்லையென்றால் காயத்தை உலர்வாக விடுவதே வைத்தியம். தையல் பிரிக்கும் வரை குளிப்பாட்டவும் கூடாது. சேறு பட்டால் ஈரத்துணியால் கால்களை மட்டும் துடைத்துவிடலாம்.

வலிக்குத் தரும் மாத்திரையைச் சாப்பாட்டோடு, சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். "நல்லாயிருச்சே" என்று கிருமிக் கொல்லி மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. வலி அதிகமாகத் தெரிகிறது என்று வீட்டில் இருக்கும் பனடோலையோ, பல் வலிக்கு வாங்கிய ஐபுபுரோஃபனையோ உடைத்துக் கொடுப்பதுதான் பெரிய தவறு. பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும். ஐபுபுரோஃபன் குடலில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் உண்டாக்கும். ஏற்கனவே டாக்டர் தந்த வலி மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். வலி தாங்கவில்லை என்று தோன்றினால் கிளினிக்குக்குப் போன் செய்து கேட்பதே சரி.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் எதுவுமில்லை. எலும்பு நீக்கிய அவித்த கோழியும் சோறும் ஓரிரு நாளைக்குப் போதும். நேற்றைய கறிக் குழம்பில் பிசைந்து கொடுக்கும் வழக்கத்தை இந்தச் சாக்கில் நிறுத்திவிடலாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைப்பவை. ஆறிய பிறகு சாப்பாட்டின் அளவைக் கவனிக்க வேண்டும். கருத்தடைக்குப் பின் நாயின் உடலுக்கு முன்பு தேவைப்பட்ட அளவு வேண்டியதில்லை, பசி மட்டும் கூடும். வழக்கமானதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்து, விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டால், "ஆபரேஷன் பண்ணினதால குண்டாயிருச்சு" என்ற பழி டாக்டருக்கு வராது. சில நாய்கள், குறிப்பாகப் பெரிய உடம்புள்ளவை, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தூக்கத்தில் சிறுநீர் கசியவிடலாம். அதற்கு மருந்து இருக்கிறது. அடிக்க வேண்டியதில்லை.

செலவுக்கு அஞ்சிப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தனியார் கிளினிக் கட்டணம் ஊருக்கு ஊர், நாயின் எடைக்கு எடை மாறும். சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. போன்ற விலங்கு நல அமைப்புகள் குறைந்த கட்டணத்தில் கருத்தடை செய்கின்றன. மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்திலும் விசாரித்துப் பார்க்கலாம். பேசும்போது ஆபரேஷன் கட்டணத்தை மட்டும் கேட்காமல், கூம்பு, மாத்திரை, தையல் பிரிப்பது எல்லாம் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வளர்ப்பவர் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்கக் கடமைப்பட்டவர் என்று 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் சொல்கிறது. ஆகவே ஆபரேஷனுக்குப் பணம் சேர்க்கும்போதே, திரும்ப ஒருமுறை டவுனுக்கு வந்துபோகும் செலவையும் சேர்த்து வைப்பது நல்லது.

தோல் தையல் இருந்தால் 10 முதல் 14 நாளுக்குள் பிரித்துவிடுவார்கள். வீட்டுக் கத்திரியால் தாங்களே வெட்டிவிடும் ஆட்களும் உண்டு. பிரிக்கும் நாள்தான் டாக்டர் அடியில் விரல் வைத்து, உள் தையல் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் நாள். அந்தப் பயணத்தைத் தவிர்க்கக் கூடாது. பிரித்த மறுநாள் சங்கிலியை அவிழ்த்துக் காட்டுக்குள் விடாமல், ஒரு வாரம் கயிற்றோடு நடக்க வைத்து, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பருவத்தில் இருக்கும்போது ஆபரேஷன் ஆன நாயாக இருந்தால், வாடை போகும் வரை கடுவன்கள் வாசலைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதுவரை வாசல் கேட்டைச் சாத்தி வைக்க வேண்டும்.